தேடினால் கிடைக்கிற பாட்டு

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, விடுதி அறையிலேயே ஒலிப்பதிவும் செய்துவிடும் மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இன்று நிறையவே இருக்கிறார்கள். ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் தொங்கவிட்ட ஒரு போர்வை. இவை இருந்தால் பாட்டு பிறந்துவிடுகிறது. பிறந்த பிறகுதான் சிக்கல். கலை இரவுகளில் என்னைச் சந்திக்கும் தம்பி தங்கைகள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: “அண்ணே, பாட்டு ரெடி. இத எப்படி நாலு பேருக்குக் கொண்டு போறது?”

இதற்கு விடை சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் அல்லன். கழகத்தில் இருந்த காலத்தில் அறிமுகமான மூன்று பேர் சேர்ந்து 2019 முதல் பாடல்கள் வெளியிட்டு வருகிறோம். ஒருவர் பாடுகிறார், ஒருவர் இசையமைக்கிறார், நான் வரி எழுதுகிறேன். பதிவேற்றம், மின்னஞ்சல், கணக்கு வழக்கு ஆகிய சலிப்பூட்டும் வேலைகளும் என் தலையில்தான். எங்களைத் தெருவில் யாரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் கிள்ளானிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் எங்களுக்கு முகம் தெரியாத சிலர் எங்கள் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் எங்களை எப்படிக் கண்டடைந்தார்கள் என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

முன்பெல்லாம் உள்ளூர்க் கலைஞர் ஒருவர் மக்களைச் சென்றடைய வேண்டுமானால் குறுந்தட்டு அச்சிட வேண்டும், கடைகளில் அதை வைக்க ஆள் தேட வேண்டும், வானொலி நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில்தான் 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. மலேசியத் தமிழ் ராப் இசை கடல் கடந்து தமிழ்நாட்டு இளைஞர்களையும் ஆட வைத்தது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ திரைப்படப் பாடலில் யோகி பியின் குரல் ஒலித்தது. அந்தக் குழுவின் வெற்றி நமக்குப் பெருமை. ஆனால், உள்ளூர்ப் பாடகனுக்கு முடிவான வாசல் கோடம்பாக்கம்தான் என்ற எண்ணத்தையும் அது சிலரிடம் வளர்த்துவிட்டது என்பது என் கருத்து.

பிறகு நிலைமை மாறியது. ஸ்போட்டிபை 2013இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இந்தியாவுக்கு 2019இல்தான் போனது. இன்று யாருடைய சிபாரிசும் இல்லாமல் நம் பாடலை உலகம் முழுவதும் ஒரே நாளில் வெளியிடலாம். கதவு திறந்துவிட்டது என்று மகிழ்வதற்குள், அதே கதவு வழியாக நாள்தோறும் பல்லாயிரம் பாடல்கள் உள்ளே வருவதையும் பார்க்கிறோம். ஆகவே இப்போது பிரச்சினை உள்ளே நுழைவது அன்று. உள்ளே நுழைந்த பாட்டை, அதைத் தேடி வரும் ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா என்பதே.

‘வைரல்’ ஆவது எப்படி என்று பேச எல்லோருக்கும் ஆசை. தேடினால் கிடைப்பது எப்படி என்று பேச யாருக்கும் ஆசையில்லை. ஆனால் ஒருவர் மின்னல் எப்.எம்.மிலோ ராகாவிலோ ஒலி 968இலோ உங்கள் பாட்டை அரைகுறையாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடலின் பெயர் மட்டும் காதில் விழுகிறது. வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தட்டுகிறார். என்ன தட்டுவார்?

தமிழுக்கென்றே உள்ள சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பெரும்பாலோர் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள். ‘காதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ககர நெடிலுக்கு ஒரு ‘ஏ’ போடுவோரும் உண்டு, இரண்டு போடுவோரும் உண்டு. தகரத்துக்கு ‘டீ’யையும் ‘எச்’சையும் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம், தமிழ்நாட்டில் பலர் ‘டி’யையும் ‘எச்’சையும் சேர்க்கிறார்கள். ஆக மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு வடிவங்கள் ஆகிவிட்டன. இனி நம் சிறப்பு ழகரத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் அதற்கு ‘இசட், எச்’. நம் அடையாள அட்டைகளிலும் பெயர்ப் பலகைகளிலும் பெரும்பாலும் வெறும் ‘எல்’. ‘மழை’யையும் ‘மலை’யையும் ரோமன் எழுத்தில் வேறுபடுத்தத் தெரியாத தேடுபொறியிடம்தான் நம் பாட்டின் தலையெழுத்து இருக்கிறது!

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. பாடலின் பெயரை முடிவு செய்யும் முன் மூன்று பேருக்குத் தொலைபேசியில் அழைத்து, பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, அதைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்வோம். மூவரில் ஒருவர் கட்டாயம் என் அம்மாவாக இருப்பார். மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயரை மாற்றுவோம், அல்லது அதிகம் பேர் எழுதும் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பாடகிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. கவிதை கெட்டுப்போகிறதாம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே அவர் பிடிவாதமாக நின்ற இடங்களில் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, யூடியூப் விளக்கப் பகுதியில் தமிழ் எழுத்திலும், மக்கள் தட்டக்கூடிய மற்ற ரோமன் வடிவங்களிலும் பெயரை எழுதி வைத்தோம். பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகப் போடுவதும் பயன் தருகிறது. பெயர் மறந்துபோய் இரண்டாம் சரணத்தின் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துத் தேடுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கலைஞரின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். கண்ணம்மா என்று பாடலுக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே எத்தனை பாடல்கள் உள்ளன என்று தேடிப் பாருங்கள். கலைஞர் பெயரும் அப்படியே. பரவலான ஒற்றைப் பெயரில் பாடிய எங்கள் நண்பர் ஒருவரின் முதல் பாடல், அதே பெயர் கொண்ட வேறொரு பாடகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இருவருக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பிரித்தெடுக்கப் பல வாரங்கள் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் பாட்டைக் கேட்டவர்கள் பாராட்டையெல்லாம் அந்த மற்றவருக்கே சொல்லி முடித்துவிட்டார்கள்! பெயருடன் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ சேர்த்துக்கொண்டு, எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பயன்படுத்துவது நல்லது.

அடுத்து, பாடலை எப்படி வெளியிடுவது? ஸ்போட்டிபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் நாமே நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. சிலவற்றில் ஆண்டுக் கட்டணம், சிலவற்றில் பாடலுக்கு ஒருமுறைக் கட்டணத்தோடு வருமானத்தில் பங்கு. ஆண்டுக் கட்டணம் கட்டும் முறையில், கட்டணத்தை நிறுத்தினால் பாடல்களும் இறக்கப்படலாம் என்பதைக் கவனியுங்கள். படிப்பு முடிந்து, வேலை தேடும் மாதங்களில் அந்தக் கட்டணம் விடுபட்டு, மூன்று ஆண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்துபோவது நடக்கக்கூடியதே.

பதிவேற்றப் படிவத்தில் மொழி, பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று கட்டங்கள் வரும். அவசரத்தில் பலர் அவற்றைக் கடந்துவிடுகிறார்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தளம் உங்கள் பாட்டை யாரிடம் நீட்டுவது என்று முடிவு செய்ய அதுவும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து-எண் குறியீடு கிடைக்கும். அதைத் தனியே எழுதி வையுங்கள். பிற்காலத்தில் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான், இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பாட்டோடு கூடவே வரும்.

வெளியீட்டு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்போட்டிபையில் கலைஞர்களுக்கான கணக்கின் வழியே, இன்னும் வெளிவராத ஒரு பாடலைத் தள ஆசிரியர் குழுவின் பார்வைக்கு அனுப்பலாம். குறைந்தது ஏழு நாள்களுக்கு முன் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு வாரந்தோறும் போகும் புதுப்பாடல் பட்டியலில் அந்தப் பாட்டு இடம்பெறும். நாங்கள் நான்கு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுவோம். தீபாவளி வாரத்தில் வெளியிடுவதை மட்டும் தவிர்க்கிறோம். வானொலி, தொலைக்காட்சி, கடைத்தொகுதிகள் என்று எல்லாரும் தீபாவளிப் பாடல் போடும் நேரத்தில் நம் சின்னக் குரல் பட்டாசுச் சத்தத்தில் கேட்காது. எங்களுக்குச் சரியாக அமைந்தது தைப்பூசத்துக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான காலம்.

முதலில் யார் கேட்பார்கள்? நம்மைத் தெரிந்தவர்கள்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடம் கொண்டு சேர்க்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், பாட்டின் கோப்பையே அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தையும் சித்தப்பாவும் கேட்டுவிட்டு ‘சூப்பர்’ என்று கைகூப்புவார்கள். அந்தக் கேட்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. கோப்புக்குப் பெயரும் இருக்காது. அது இன்னொரு குழுவுக்குப் போகும்போது யார் பாடியது என்றே தெரியாமல் போகும். கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். நாற்பது குழுக்களில் ஒரே நேரத்தில் ஒட்டுவதைவிட, ஆளுக்கு ஆள் பெயர் சொல்லி அனுப்பும் செய்திக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் பாடகி திருமண விருந்துகளிலும் பாடுகிறார். நிகழ்ச்சி முடிந்து “நல்லா பாடுனம்மா” என்று சொல்ல வருபவர்களிடம், “அடுத்த பாட்டு வந்தா அனுப்பட்டுமாக்கா? என் நம்பர சேவ் பண்ணிக்கிறீங்களா?” என்று அங்கேயே கேட்டுவிடுவார். புலனத்தின் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாக நினைக்கவில்லை. சேமித்தவர் உண்மையிலேயே கேட்க விரும்புபவர். எங்கள் முதல் பாடலுக்கு அப்படிப்பட்டவர்கள் அறுபது பேர்கூட இல்லை. ஆனால் அவர்கள் கடைசிவரை கேட்டார்கள், தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள், மறுநாளும் கேட்டார்கள். முழுதாகக் கேட்பதையும் சேமிப்பதையும்தான் இசைத்தளங்களின் கணிப்பு முறை கவனிக்கிறது. பாதியில் தாண்டிப் போகும் ஆயிரம் பேரால் அந்தப் பயன் இல்லை.

டிக்டாக், ரீல்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். பாட்டின் எந்த நொடியிலிருந்து துணுக்கு தொடங்க வேண்டும் என்று பதிவேற்றும்போது குறிப்பிடும் வசதியைச் சில விநியோக நிறுவனங்கள் தருகின்றன. குறிப்பிடாவிட்டால் பாட்டின் தொடக்க இசையே துணுக்காகிவிடலாம். உறுமி நுழையும் இடம் ஒன்றேகால் நிமிடத்தில் இருந்தால், அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

திரைப்பாடல்களை மறுபடி பாடி வெளியிடுவது தேவையா என்று கேட்பார்கள். பார்வைகள் குவியும், உண்மைதான். ஆனால் யூடியூபின் உரிமை அடையாள முறை அந்தப் பாடலைக் கண்டுகொண்டதும், விளம்பர வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்கே போகும். வருமானத்தையாவது விட்டுவிடலாம். ‘இளையராஜா பாட்டை அழகாகப் பாடும் பெண்’ என்று பெயர் வாங்கிய பிறகு, சொந்தப் பாட்டைப் போட்டால் அதே கூட்டம் எட்டிப் பார்க்காமல் போவதுதான் எனக்கு வலிக்கிறது. அவர்கள் ராஜாவைத் தேடி வந்தவர்கள். எப்போதாவது ஒன்று பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் முடிவில் உங்கள் சொந்தப் பாட்டின் இருபது நொடிகளைச் சேர்த்துவிடுங்கள்.

பார்வைகளை விலைக்கு விற்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சில நூறு வெள்ளி கொடுத்தால் பத்தாயிரம் கேட்புகள் என்று நம்மைத் தேடி வந்து விளம்பரம் செய்வார்கள். அவை பெரும்பாலும் இயந்திரக் கேட்புகள். 2024 முதல், போலிக் கேட்புகள் அப்பட்டமாகத் தெரியும் பாடல்களுக்கு ஸ்போட்டிபை விநியோக நிறுவனங்களிடம் அபராதம் வசூலிக்கிறது. அதை அந்நிறுவனங்கள் கலைஞரின் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கியும் விடலாம். இன்னொரு தீமை கண்ணுக்குத் தெரியாதது. தமிழே தெரியாத ஏதோ ஒரு நாட்டில் உங்கள் பாட்டு ஓடியதாகப் பதிவானால், தளம் அதை அதே போன்ற இடங்களுக்கே மேலும் கொண்டு போகும். ஈப்போவில் உள்ள உண்மையான ரசிகருக்கு அது போய்ச் சேராது.

பணம் வருமா என்று கேட்காமல் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. கேட்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. சந்தாவாகவும் விளம்பரமாகவும் சேரும் தொகையில் ஒரு பகுதியை, மொத்தக் கேட்புகளில் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கேற்பப் பிரிக்கிறார்கள். சந்தா விலை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், டொராண்டோவில் ஒருவர் கேட்பதும் சென்னையில் ஒருவர் கேட்பதும் ஒரே தொகை தராது. மேலும் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஸ்போட்டிபை ஒலிப்பதிவு உரிமைத்தொகை தருவதில்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; அல்லது அதே 1,000 சந்தாதாரர்களோடு 90 நாள்களில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். எங்கள் முதல் ஆண்டு வருமானத்தில் நாங்கள் மூவரும் மாமாக் கடையில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டோம். தே தாரிக் இரண்டாவது குவளை மட்டும் சொந்தக் காசில்.

வருமானம் சிறிதாக இருப்பதால் உரிமையும் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று; அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. வானொலியில் ஒலிக்கும்போது படைப்பாளருக்குச் சேர வேண்டிய தொகையைப் பெற மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் காம்பஸ் ஆகிய அமைப்புகளில் உறுப்பினராகலாம். அதற்கு முன், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று குழுவுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாங்கள் மூவரும் எழுதினோம். எழுதிய அன்று கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நண்பர்களுக்குள் எதற்கு இது என்று இசையமைப்பாளர் முகம் சுளித்தார். பாட்டுக்கு மதிப்பே இல்லாத நாளில் பேசியதால் சண்டை வரவில்லை.

இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ‘பீட்’டின் மேல் பாடுபவர்கள் அதன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அதே இசையை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். அதை உங்களுடையது என்று யூடியூபின் உரிமை அடையாள முறையில் பதிவு செய்ய அத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

இவையெல்லாம் சிறியவர்களின் கவலை என்று யாரேனும் நினைத்தால், 2021இல் தீயும் அறிவும் பாடி வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை நினைத்துப் பாருங்கள். திரைப்படம் எதுவும் இல்லாமல் உலகெங்கும் ஒலித்த தமிழ்ப் பாட்டு அது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் வெளியீட்டுக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அறிக்கை யாருக்கு வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் அன்றிலிருந்து எங்களிடம் ஆலோசனை கேட்கும் எல்லாரிடமும் கேட்டு வருகிறேன். ஒலிப்பதிவுக் கூடத்து அண்ணன் தம் கணக்கிலேயே ஏற்றிவிட்டதாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக, எந்தத் தளத்தையும் பெட்டகமாக நம்ப வேண்டாம். 2000களில் நம் அண்ணன் அக்காள்மார் பிரெண்ட்ஸ்டரிலும் மைஸ்பேசிலும்தான் குடியிருந்தார்கள். பிரெண்ட்ஸ்டர் 2011இல் பழைய படங்களையும் எழுத்துகளையும் அழித்துவிட்டது. மைஸ்பேஸ் 2019இல், 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் வழங்கியை மாற்றும்போது தொலைந்துவிட்டதாக அறிவித்தது. அவற்றில் எத்தனை மலேசிய, சிங்கைத் தமிழ்ப் பாடல்கள் இருந்தன என்று கணக்கெடுக்க இனி வழியில்லை. சில குழுக்களுக்கு அதுதான் இருந்த ஒரே பிரதி.

எங்கள் பாடல்களின் சுருக்கப்படாத மூலக் கோப்புகளையும், குரல், தாளம், குழல் என்று தனித்தனியாகப் பதிந்தவற்றையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்: என் கணினியில் ஒன்று, இசையமைப்பாளர் வீட்டு வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஒவ்வொரு கோப்புறையிலும் ஐ.எஸ்.ஆர்.சி. எண், பதிவு செய்த நாள், வாசித்தவர்கள் பெயர், கையெழுத்திட்ட அந்தத் தாளின் படம், நான் அடித்துத் திருத்தி எழுதிய வரிகளின் படம் ஆகியவையும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூச விடுமுறையில், மூன்றையும் திறந்து ஒவ்வொரு பாட்டும் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்கிறோம்.